கால் மிஸ், கை மிஸ், பேச்சு மிஸ்

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து காற்றும் மழையும். பஸ்ஸை நம்ப முடியாது, ஆட்டோதான். இவரை ஏற்றி இறக்க அடுத்த வீட்டு ராணியின் புருஷன் கூட வந்தார்.

பாரிசவாதம் வந்து வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு இவருக்கு இதுதான் முதல் கிளினிக். வலது கை, வலது கால், பேச்சு. மூன்றிலும் அடி.

நான் நினைத்துப் போனது வேறு. டொக்டர் பார்ப்பார், மருந்து தருவார், சரியாகும் என்று. மருந்து, பாரிசவாதம் இன்னொரு தடவை வராமல் இருக்கத்தானாம். போனதைத் திரும்ப வாங்க பயிற்சி. அதற்கும் ஆள் ஆளாய்: நடக்க ஒரு மிஸ்; சாப்பிட, சட்டை போட இன்னொரு மிஸ்; பேச வேறு மிஸ், அவர் இங்கே எப்போதாவதுதான் வருவார். அவர்களுடைய இங்கிலிஷ் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. எனக்கு கால் மிஸ், கை மிஸ், பேச்சு மிஸ்.

கால் மிஸ் சிங்களப் பிள்ளை. கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார். வழக்கம்போல் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

"எப்பா, எப்பா! கைய இழுக்க வேணாம் டீச்சர். தோள் எறங்கிரும்." எப்பா என்றால் வேண்டாம்.

பிறகு இவரிடம், "ஹெமின், ஹெமின் ஐயா." மெதுவாக, மெதுவாக.

எழுந்து நின்றார். தானாகவே. என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

வாங்க: கைப்பிடி வைத்த கதிரை, வழுக்காத செருப்பு, சீனி.

ஜூன் 5, வியாழன்

மழை விட்ட நேரம் இவருடைய தங்கை சகாயம், வலப்பனையிலிருந்து. கையில் நாட்டு வைத்தியரின் எண்ணெய்ப் போத்தல்.

"இந்த வெதமாத்தயா எண்ணெய்ல எத்தன பேரு எழும்பி நடந்திருக்காங்க அண்ணி! ஒங்க ஆஸ்பத்திரியில என்ன செய்றாங்க? உக்கார வச்சு எழுப்புறாங்க, அவ்வளவுதானே?"

போத்தல் அலுமாரி மேல். நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

கை மிஸ் கொத்மலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். பூசலாம், ஆனால் சூடாகப் பூசக்கூடாது, அந்தப் பக்கம் சுட்டாலும் இவருக்குத் தெரியாது. கையை உதறி இழுக்கவே கூடாது. எண்ணெயோடு பயிற்சியும் வேண்டும், பயிற்சிக்குப் பதிலாக எண்ணெய் இல்லை.

பிறகு கேட்டார்: "வீட்டுல எதத் தன் கையால செய்யணும்னு ஆசை?"

"சாப்பிடணும் மிஸ். சட்டை போடணும்" என்றேன்.

"அம்மா, நான் ஐயாகிட்டதான் கேட்டேன்."

முகம் சுட்டது. இவர் யோசித்தார். இடது கையைத் தூக்கிக் கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். ஷேவ்! இத்தனை நாளும் ராணியின் புருஷன்தான் வந்து மழித்துவிடுகிறார். அது இவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இவர் இடது கையால் ஷேவ். தாடையில் ஒரு கீறல், மீசை ஒரு பக்கம் குட்டை. நான் என் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது செய்துவிடுவதைவிடக் கஷ்டம்.

மத்தியானம் கொழும்புப் பக்கம் வத்தளையிலிருந்து மகன் ஜெயராஜின் போன் கோல். "இங்க ஒரு எடம் பாத்திருக்கேம்மா. தங்கியே செய்யலாம். நடக்க, கைக்கு, பேச, எல்லாம் ஒரே எடத்துல, தெனமும். ஆரம்ப மாசங்கள விட்றக் கூடாதாம்."

"அப்பா வரமாட்டாருப்பா. ஒனக்குத் தெரியாதா?"

இவர் பக்கத்தில்தான் இருந்தார். தொண்டையில் ஏதோ சத்தம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி லீவு. கிளினிக் இல்லை. பனி வாசல் வரை.

இங்கே என்றால் வாரத்தில் ஒன்றிரண்டு தடவை கிளினிக், மிச்சம் வீட்டில் நான். ரோட்டுக்கு ஏறும் படி வேறு. அங்கே தினமும், வேலை தெரிந்தவர்கள் கையில். எழுதிப் பார்த்தால் எது நல்லது என்று தெரிகிறது. ஆனாலும் பின்னேரம் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள்? என் அடுப்படி? நான் போய் இருக்க வேண்டியது மகன் வீட்டில். மருமகள் நல்லவள்தான். அவள் வீடு அவள் வீடு.

இவர்தான் ஒத்துக்கொள்ள மாட்டாரே.

ஜூன் 12, வியாழன்

பேச்சு மிஸ் வந்திருந்தார். படங்களைக் காட்டினார். இவர் "கு... கு..." என்று தேட, நான் "குடை" என்றேன். அடுத்ததற்கும் நான்தான்.

மிஸ் சிரித்தார். "டீச்சர், ஐயாவுக்கு எல்லாம் வெளங்குது. சொல்லுதான் வெளிய வரல்ல. அவர் தேடுற நேரம் நீங்க எடுத்துக் குடுத்தா அவர் எப்ப தேடுவார்? ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு காத்திருங்க."

இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கே தொழிற்சங்கத் தலைவராக இருந்த மனுஷன். துரை பங்களா வாசலில் நின்று லயத்து ஆட்கள் எல்லாருக்காகவும் பேசியவர். இப்போது இவருக்காக நான் பேசுகிறேன், கேட்காமலே.

வீட்டுக்கு வந்து ஜெயராஜுக்கு நானே கோல் எடுத்தேன். "அப்பாகிட்டயே கேளு" என்று ஸ்பீக்கரைப் போட்டு போனை மேசையில் வைத்தேன்.

"அப்பா, இங்க வர்றீங்களா?"

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "லைன் கட்டாயிருச்சா?" என்றான். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"போ..."

போகமாட்டேன் என்கிறார் என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"போ... வோம்." இடது கையால் மேசையைத் தட்டி மறுபடியும், "போவோம்."

அந்தப் பக்கம் ஜெயராஜ் அழுதான். எனக்கு வந்தது கோபம்.

ஜூன் 13, வெள்ளி

காலை முழுக்க இவரோடு பேச்சில்லை. தேத்தண்ணியை டக்கென்று வைத்தேன்.

வரமாட்டார் என்று சொன்னது நான். போக விருப்பமில்லாததும் நான்தான். அது புரிய இத்தனை நேரம்.

பயிற்சி முடிந்ததும் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். ஒரே கேள்வி. "இங்க இருக்க வேணாமா ஒங்களுக்கு?"

காத்திருந்தேன். தகரத்தில் மழைச் சத்தம்.

"வே... ணும்." பிறகு விரலால் உதட்டைத் தொட்டார். "பே... ச... ணும்."

"பேச்சு வந்தா திரும்பி வருவோமா?" தலையாட்டினார். அது இரண்டாவது கேள்வி, மிஸ் ஏசுவார்.

ஜெயராஜ் அடுத்த ஞாயிறு வேன் கொண்டு வருகிறான். பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்ல வேண்டும். சகாயத்துக்கும்.

ஜூன் 14, சனி

கொஞ்சம் வெயில். துணி காயப் போட்டேன். இவர் வாசலில் புதுக் கதிரையில்.

ராணி கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்தவள், கூடையை இறக்காமலே என்னிடம் கேட்டாள். "என்ன டீச்சர், ஐயா கொழும்புப் பக்கம் போறாராமே? நெசமா?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.

"அவரையே கேளு ராணி."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு இவர் பக்கம் திரும்பினாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. கொடியில் துணி. யாரும் நகரவில்லை.