முனுசாமி வீட்டுக் கதவு

தம்பி,

காலையில் ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் கால் ஊன்றி நின்றார். "டீச்சர், அப்பீலும் முடிஞ்சிபோச்சி. அந்தக் கதவு உங்க வூட்லருந்து எடுத்ததுதான. நீங்களே எடுத்துனு போயிடுங்க, ஸ்டேஷன்ல எடம் இல்ல" என்றார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வண்டி பிடித்துச் செஞ்சிக்குப் போனேன். ஸ்டேஷன் பின்கட்டில், துருப்பிடித்த சைக்கிள்களுக்கு அடியில் கிடந்தது. வேப்பமரக் கதவு. மழையில் ஊறிக் கசப்பு வாசனை அடித்தது. நடுச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உன் ரத்தம், கறுத்துப்போய், மரத்துக்குள் இறங்கியிருந்தது.

நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்றுதான் எழுத வருகிறது.

முதல் கதவு உனக்கு நினைவிருந்ததா? அப்போது உனக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. மழை இல்லாத வருஷம். நைனாவால் நிலவரிக் கிஸ்தி கட்ட முடியவில்லை. ஜப்திக்கு நான்கு பேர் வந்தார்கள். வீட்டில் எடுக்க வேறொன்றும் இல்லை. நம் கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் மரக்குடுமி, நிலையில் அதற்குக் குழி. அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் கையோடு வந்துவிடும். நெம்பினார்கள். குறுக்கே விழுந்த நைனாவை ஒருவன் மிதித்தான். விலா முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ ஓடிப்போய் அவன் கெண்டைக்காலைக் கடித்தாய். அவன் உதறியதில் சுவரில் மோதி விழுந்தாய். உன் வாயில் இருந்தது யாருடைய ரத்தம் என்று தெரியாமல் அம்மா விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். அந்த வருஷம் முழுக்க நம் வாசலில் தொங்கியது அவளுடைய பழைய புடவைதான்.

அந்தக் கடியை நீ விடவே இல்லை. வளர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகும் அதே பல்தான். "குடுக்கலன்னா ஒதைப்பேன்னு சொல்றவன் திருடன்னா, சர்க்காரு யாருக்கா?" என்பாய். வயல் வரப்பில் நின்று ராஜகிரிக் கோட்டையைக் காட்டுவாய். "அத்த கட்றதுக்கு எத்தினி பேர் வூட்டுக் கதவ கழட்டினானுங்களோ."

"நம்ம ஏரியை வெட்டினதும் அந்த மாதிரி ஒரு ராஜாதான்டா."

"அவன் செத்துட்டான். இப்ப மதகு இடிஞ்சி கெடக்குதே, அத்த எவன் கட்றான்?"

தண்ணீருக்குத் தீர்வை வாங்கினார்கள். மதகு இடிந்து மூன்று வருஷமாகியும் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் நீ ஊரைக் கூட்டினாய். தீர்வை கட்ட வேண்டாம். வீட்டுக்கு ஓர் ஆள், வாரத்தில் ஒரு நாள், மண்ணும் கல்லும் சுமந்தால் போதும், ஏரியை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றாய். வீட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தது நான். முதல் மூன்று வாரம் கரை ஏறியதைப் பார்த்து, இவன் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியது. வரிக்குப் பதிலாக மனிதர்கள் வந்து நின்றார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

நான்காவது வாரம் முனுசாமி வரவில்லை. உன் வயசுக்காரன், உன்னோடு கிணற்றில் குதித்தவன். அவனுக்கு நன்செய் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மேட்டில் மல்லாட்டைக் கடலை போடும் கொல்லை மட்டும்தான். நீ கூப்பிடப் போனபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"இன்னாபா, மூணு வாரம் வந்தேன், உனுக்காவ. ஏரித் தண்ணி மேடேறி என் கொல்லிக்கி வருமா? நீ சொன்னா ஏறுமா? ஏறச்சொல்லு, நான் வர்றேன். இப்ப எனுக்கு மல்லாட்ட புடுங்கற வேல கெடக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் முகம் செத்துப்போனது. நீ சர்க்காரைப் பார்த்துக் கேட்டதைத்தான் அவன் உன்னைப் பார்த்துக் கேட்டான். அது எனக்குப் புரிந்தது, உனக்குப் புரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். "இவன வுட்டா அடுத்த வாரம் பத்து பேர் வரமாட்டான். வராதவன இன்னாக்கா பண்றது?" என்று கேட்டாய்.

நான் தலை நிமிரவில்லை. "போய்க் கதவைக் கழட்டிட்டு வா. நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதானே" என்றேன்.

குத்திக் காட்டத்தான் சொன்னேன், தம்பி. நீ என்ன ஆகிக்கொண்டிருக்கிறாய் என்று காட்ட. நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்திருந்தால், நீ அதை யோசனையாக எடுத்துக்கொண்டது தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலை மூன்று பேரோடு போனாய். முனுசாமி கொல்லையில் இருந்தான். அவன் மனைவி அஞ்சலை அரிவாளோடு நிலைப்படியில் நின்றாள். நீ தள்ளினாய். அம்மிக்கல்லில் விழுந்து நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க அவள் அரிவாளைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தபோது கதவை நெம்பி எடுத்து வந்து நம் வாசல் சுவரில் சாத்தினாய். நான் கேட்கும் முன், "நீதான சொன்ன" என்றாய்.

உச்சி வெயிலில் முனுசாமி கடப்பாரையோடு வந்தான். முதல் அடி உன் தோளில். நீ மண்வெட்டியை வீசியதில் அவன் காது பாதி தொங்கியது. அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அவன் போட்ட இரண்டாவது அடிதான். கதவில் சாய்ந்தபடியே நீ சறுக்கி இறங்கினாய். உன் மண்டையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தேன், சேரவில்லை. விரல் இடுக்கில் சூடாக வழிந்தது. உன் தாடை மட்டும் கடிப்பதுபோல் இரண்டு முறை அசைந்தது.

கோர்ட்டில் வக்கீல் கேட்டார்: "கதவைக் கழற்றும் யோசனை யாருடையது?" தெரியாது என்றேன். முனுசாமிக்கு ஆயுள் தண்டனை. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதகை இப்போது சர்க்கார் கட்டிவிட்டது, ஒரு கொலை விழுந்த பிறகு. தீர்வையை நான் கட்டுகிறேன். ரசீது கிழித்துக் கொடுப்பவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ வெறுத்தது அதைத்தான். ஆனால் நீ கொண்டுவந்த முறையில் வராதவனுக்கு ஒரு முகம் இருந்தது. அதில் அடிக்க முடிந்தது. ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரன் மட்டும், நிலத்தின் அளவுக்கு மண் சுமக்கட்டும் என்று நீ வைத்திருந்தால்? அப்போதும் ஒருவன் வராமல் இருந்திருப்பான். அவனை என்ன செய்வது என்று நீ கேட்ட கேள்வி இன்னும் கூடத்திலேயே நிற்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று நான் சொன்னது பதில் இல்லை என்று மட்டும் தெரியும்.

மத்தியானம் வண்டியை நேராக அஞ்சலை வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். வாசலில் கோணி தொங்கியது. அவள் வெளியே வந்து கதவைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள். நெற்றித் தழும்பு புருவம் வரை இறங்கியிருந்தது.

"அஞ்சல, கதவைக் கழட்டச் சொன்னது நான்தான். என் தம்பி இல்ல" என்றேன்.

"இத்த கோர்ட்ல சொல்லலியே டீச்சர்" என்றாள்.

"சொல்லல."

கோணியை இழுத்து எறிந்தாள். "அந்தப் பக்கம் புடிங்க. குடுமி குழியில உக்காரணும், பாத்து."

இரண்டு பேரும் தூக்கினோம். உன் ரத்தம் என் கன்னத்தில் உரசியது. மேல்குடுமி ஏறியதும் கீழே தானாக இறங்கி உட்கார்ந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சத்தத்தோடு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

அக்கா