மூலை வீட்டார் விட்டுப்போன நாய்

ஜூன் 9, திங்கள்

ஆறு மணிக்கே வெயில். நேற்று கொடியில் போட்ட வெள்ளைப் புடவை முழுக்கச் சாம்பல் தூசி. மறுபடி அலசல். பலா மரத்தடியில் இரண்டு பழம் விழுந்து வெடித்து, ஈ மொய்ப்பு. எடுக்கச் சொல்லி மூன்று நாள். மகன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூக்கம். மருமகள் பாங்குக்கு.

ஜன்னலைத் திறந்தால் மூலைக் குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த நாய். ஜூலி. போன நவம்பரில் அந்த வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். மாலை, சால்வை, கம்பெனி வண்டியில் வீடுவரை ஊர்வலம். பத்து நாளில் பீரோ, கிரைண்டர், குரோட்டன்ஸ் தொட்டிவரை லாரியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டார்கள். நாயை ஏற்றவில்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது குழாய், சுவிட்சு, தாழ்ப்பாள் எல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள். நாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே நாய் வாசலில். ஏழு மாதமாகப் பூட்டிய கதவைப் பார்த்துப் படுக்கை.

எனக்கு நாய் பிடிக்காது. எச்சில், முடி, வாடை. அது வேறு.

மாலை எதிர்வீட்டுத் தங்கவேலு வாசலில் பிளாக் கூட்டம். அவர்தான் செயலாளர். மைன்ஸில் ஃபோர்மன், ஈரோட்டுப் பக்கம். எட்டுப் பேர், எட்டு டீ. முடிவு: ஞாயிறு காலை ஒரு குட்டியானை வண்டி வரும். தெரு நாய்களைப் பிடித்து ஏற்றி, காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்காட்டில் விட்டுவிடும்.

"ஜூலியையுமா?" என்றேன்.

"அதுதானுங்க மேடம் முக்கியமே. வருசத்துக்கு ரெண்டு ஈத்து. ஆரு பார்க்கறது?"

சொல்லும்போது அவர் காலடியில் அவருடைய லேப்ரடார், டைகர், வயிறு முட்டத் தின்றுவிட்டு மல்லாந்து கிடந்தது. தினம் மாலை ஐந்துக்குக் கேட்டைத் திறந்து விடுவார். ஊர் சுற்றிவிட்டு ஏழுக்குத் தானாகத் திரும்பும். ஜூலி கன்னங்கறுப்பு. தை மாதம் அது போட்ட ஐந்தில் மூன்று வெளிர் மஞ்சள், அகன்ற மூக்கு, தொங்கும் காது. பிளாக்கில் வேறு லேப்ரடார் கிடையாது. கூட்டத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பி.பி. மாத்திரை தீர்ந்தது. டிஸ்பென்சரியில் வரிசை.

செல்வி வந்து பாத்திரம் தேய்த்தாள். வளையமாதேவிக்காரி. பத்து வருடமாக நம் வீட்டு வேலை. வாய் ஓயாது.

"ஞாயித்துக்கெழம வண்டி வருதாமேம்மா. முந்திரிக்காட்டுல கொண்டுபோயி வுட்டா அது எதைத் தின்னும்? கொட்டையப் பொறுக்கித் தின்னுமா?"

"உனக்கு யார் சொன்னது?"

"எதுத்த வூட்டம்மாதான் சொல்லிக்கினு இருந்தாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தை மாசம் நான் கொண்டுபோயி வுட்டேனே அஞ்சு குட்டி, மறாநாளு எங்க அக்கா அந்தப் பக்கமா வெறவுக்குப் போயி பார்த்துட்டு வந்து சொன்னா. உங்ககிட்ட நான் சொல்லல."

"என்ன சொன்னா?"

"இப்ப எதுக்கும்மா அது. சோறு எறங்காது."

சாக்கு கொடுத்தது நான். பொன்னி அரிசி வந்த சாக்கு. கண்ணில் படாத இடத்தில் விட்டு வா என்றதும் நான். கத்தல் தெருவுக்குக் கேட்காமல் வாயை இறுக்கிக் கட்டச் சொன்னதும் நான். பாளையங்கோட்டை கான்வென்ட்டில் தினமும் படுக்கப்போகுமுன் ஆன்ம சோதனை செய்யப் பழக்கினார்கள். அன்றைக்குச் செய்யாமல் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

செல்வி போகும்போது ஒரு நோட்டீஸ் கொடுத்தாள். கம்யூனிட்டி ஹாலில் வியாழன் முதல் அடுத்த செவ்வாய்வரை வளர்ப்பு நாய், பூனைக்குக் கருத்தடை முகாம். வெளியூர்த் தன்னார்வக் குழு. நோட்டீஸில் நாலு பிழை. கட்டணம் அரைக் கிலோ காபித்தூள் விலை. பண்ருட்டியில் ஒரு தனியார் டாக்டர் முன்பு கேட்டது ஒரு பட்டுப்புடவை விலை. அதைச் சாக்காக வைத்துத்தான் பிளாக்கில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

ஞாயிறுக்குள் செய்துவிட்டால், குட்டி போடாத நாயை ஏற்ற என்ன காரணம் சொல்வார் தங்கவேலு, பார்ப்போம்.

ஜூன் 11, புதன்

கம்யூனிட்டி ஹாலில் முன்பதிவு. மேசையில் கல்லூரி வயதுப் பெண், கம்ப்யூட்டருடன்.

"சொந்த நாய்க்கு மட்டும்தான் ஆன்ட்டி. தெரு நாய்க்கு வேற ஸ்கீம்."

"அது எப்போ?"

"அது தெரியலை ஆன்ட்டி."

எழுபத்து நான்கு வயதில் ஆன்ட்டி. சரி.

படிவத்தில் குவார்ட்டர்ஸ் எண், பணியாளர் எண். இந்தக் கம்பெனி ஊரில் பணியாளர் எண் இல்லாமல் ஒரு மருந்து வாங்க முடியாது. நாய்க்கும் அதுதான். ஜூலி கழுத்துத் தகட்டில் மூலை வீட்டுக்காரர் எண் இருக்கிறது. எழுதிக்கொண்டு போயிருந்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் டவுன்ஷிப்ல இல்லைன்னு வருது ஆன்ட்டி" என்றாள். ஆக, ஜூலியும் இல்லை.

ஹால் வாசலில் நின்றே மதுரைக்குப் போன் செய்தேன். அந்த அம்மாள் எடுத்தாள். "ஜூலியா? அய்யோ, இன்னும் இருக்காக்கா அது? நாங்க நினைச்சுக்கிட்டே இருப்போம். இங்க ஃபிளாட்ல பெரிய நாய் சரிப்படாதுக்கா. இப்ப சின்னதா ஒரு ஷிட்ஸூ நாய் வாங்கியிருக்கோம். ஏசி இல்லாம தூங்க மாட்டேங்குது, போங்க." சிரித்தாள். போனை வைத்தபின் கையைக் கழுவ வேண்டும் போல் இருந்தது. கழுவினேன்.

மதியம் மகனிடம் அவன் எண்ணைக் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு நாயே ஆகாது. இப்ப என்ன புதுசா? என் நம்பர்ல ஏத்திட்டா நாளைக்கு அது யாரையாவது கடிச்சா கம்ப்ளெயின்ட் என் டிபார்ட்மென்ட்டுக்கு வரும்."

இவனைப் பெற்றவள் நான்.

நாலு மணிக்கு மறுபடி ஹால். என் மெடிக்கல் கார்டைக் காட்டினேன். குடும்ப பென்ஷன்காரர்களுக்கான கார்டு. என் கணவர் எண்தான் அதில். அந்தப் பெண் தட்டினாள். உடனே ஏற்றுக்கொண்டது. போய்ப் பதினோரு வருடம், அவர் எண் இன்னும் இங்கே வேலை செய்கிறது. உயிரோடு இருக்கும் மூலை வீட்டுக்காரர் எண் செல்லவில்லை.

அவர் நாயைக் கண்டால் செருப்பைக் கழற்றுபவர். அவர் எண்ணை அழகான கையெழுத்தில் எழுதினேன். உரிமையாளர்: என் பெயர். சனி காலை எட்டு மணி.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். மழை வரும் போல் இருந்து வரவில்லை.

நாளைக்கு வேண்டியவை:
நைலான் கயிறு (செல்வி கொண்டுவருவாள்)
பழைய துண்டு 2
கார்டு, ரசீது, குடை
டெட்டால்
இன்று மாலையிலிருந்து நாய்க்குச் சாப்பாடு கிடையாது, காலையில் தண்ணீரும் கிடையாது. ஆகவே இன்றே பிடித்துப் பின்கட்டுக் கொட்டகையில் அடைக்க வேண்டும்

செ. ஒரு துண்டு மீனைக் காட்டிக் கொட்டகைக்குள் இழுத்துவிட்டாள். நாய் கடிக்கவில்லை, உறுமவில்லை. உள்ளே வந்ததும் என் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. காது மடல் முழுக்க உண்ணி, காய்ந்த பட்டாணி போல் கொத்துக் கொத்தாக. முலைக்காம்புகள் தொங்கி, தடித்து. செ. உண்ணியை இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள். நான் எண்ணினேன், பார்க்காமல் இருக்க. அறுபதுக்கு மேல் எண்ணவில்லை.

தங்கவேலு வேலிப்பக்கம் வந்தார். "கேள்விப்பட்டேனுங்க. உங்களுக்கு எதுக்குங்க மேடம் இந்த வேலை?"

"டைகரையும் கூட்டிட்டு வாங்களேன். ஆணுக்குச் சின்ன ஆபரேஷன்தானாம். சாயங்காலமே அனுப்பிடறாங்க."

அவர் முகம் போன போக்கு. "அது ஆம்பள நாயிங்க மேடம். அதுக்குப் போய். பாவமுங்க, வாயில்லா ஜீவன்."

ஜூலிக்கு வாய் இருக்கிறது போலும். நாற்பது வயதுப் பிள்ளைக்கு வக்காலத்து வாங்குவது போல அந்த நாய்க்கு. அருவருப்பு.

ஜூன் 14, சனி

ஆட்டோக்காரன் நாயைப் பார்த்ததும், "சீட்டு போயிடும்மா" என்று கிளம்பிவிட்டான். நடந்தோம். செ. கையில் கயிறு, என் கையில் குடை. அவென்யூ முழுக்கக் காலை நடைக்காரர்கள். முப்பது வருடமாக ஆபீசர் சம்சாரம் என்று தெரிந்த ஊரில் தெரு நாய் பின்னால் நான். லேடீஸ் கிளப் ஆள் ஒருத்தி, "என்ன மாமி, புது ஹாபியா?" குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"நிமுந்து நடங்கம்மா. நாயே நிமுந்துதான் நடக்குது" என்றாள் செ.

டாக்டர் சின்னப் பெண். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சினையா இருக்கும்மா. அஞ்சு வாரம் இருக்கும். இப்பவே பண்ணினா குட்டியும் போயிடும். வேண்டாம்னா குட்டி போட்டு, பால் மறந்தப்புறம் பண்ணலாம்."

"அப்போ முகாம் இருக்குமா?"

"இருக்காதும்மா. நாங்க வர்றது வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஓனர் நீங்கதான் சொல்லணும்."

வெளியே செ. நாயின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. என் வேலையை அவளிடம் தள்ளுவது தை மாதத்தோடு போதும்.

விட்டால் நாளை அந்த வண்டியில் வயிற்றோடு போகும். வண்டிக்குத் தப்பினாலும் ஆடியில் குட்டி, அப்புறம் யாராவது ஒரு சாக்கு. இதெல்லாம் சரியான கணக்குதான். ஆனாலும் கையெழுத்துக்கு முன் படிவத்தை மறுபடி படித்தேன். போட்டேன்.

"காதுல அடையாளம் வெட்டலாமா? வெளியில திரியற நாய்க்கு வெட்டுவோம், ஆபரேஷன் ஆனதுன்னு தெரிய."

"வெட்டுங்க."

இரண்டு மணி நேரம். பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளிருந்து டெட்டாலும் ரத்தமும் கலந்த வாடை. எத்தனை என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். ஏழு.

மயக்கம் தெளியாத நாயைத் துண்டில் போட்டு, செல்வியின் வீட்டுக்காரர் டூவீலரில் அவள் மடியில். கொட்டகை. மகன் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினான். நாலு நாளைக்குப் பாலும் சோறும், பத்தாம் நாள் தையல் பிரிப்பு.

இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன். மருமகள் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆறரைக்கு வண்டி வந்தது. இரண்டு ஆள், சுருக்குக் கம்பி. கோயில் பக்கத்துச் செவலை, டீக்கடை ஜோடி, ஒரு நொண்டி. நாலையும் கழுத்தில் சுருக்கி, காலைத் தரையில் தேய்த்து இழுத்து ஏற்றினார்கள். ஒன்று பயத்தில் மலம் கழித்தது. அந்த நாற்றத்தில் நின்று பிளாக்கின் ஆண்கள் காபி குடித்தார்கள். இருவர் வீடியோ எடுத்தார்கள்.

பிறகு தங்கவேலு நம் கேட்டுக்கு. "அந்தக் கறுப்பையும் குடுத்துருங்க மேடம். ஆபரேசன் பண்ணுனாலும் நாய் நாய்தானுங்களே. ஒரே செலவுல போயிரும்."

ரசீதைக் காட்டினேன். "இது என் பேர்ல இருக்கு. வயித்துல தையல் காயலை. இந்தக் கேட்டுக்குள்ள யார் கால் வெச்சாலும் மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுப்பேன். என் எழுத்து எப்படி இருக்கும்னு உங்க ஆபீஸ்ல பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க."

வண்டி ஆள் சிரித்துவிட்டான். "சார், பாட்டி வுடாது. நமக்கு வேற டிரிப் இருக்கு, கெளம்பலாம் சார்."

வண்டி போயிற்று. ஜூலி கொட்டகையில் எழுந்து நிற்க முயன்றது, விழுந்தது, மறுபடி நின்றது. கால் லிட்டர் பால் குடித்தது. போன நாலைப் பற்றி எழுத எதுவும் இல்லை. என்னால் ஒன்றுக்குத்தான் முடிந்தது.

மாலை ஐந்து மணி. எதிர்வீட்டுக் கேட் திறந்தது. டைகர் வெளியே.

ஜூன் 16, திங்கள்

தையல் சுத்தம். வீக்கம் இல்லை. கொட்டகை மூலையில் மூத்திரம், கழுவினேன், நானே. மாத்திரையை இட்லிக்குள் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறது. சர்க்கரைப் பொங்கல் என்றால் ஏமாறுகிறது.

எதிர்வீட்டு மரகதம் (தங்கவேலு சம்சாரம்) வேலியோரம் கறிவேப்பிலை பறிக்க வந்தாள். அதிகம் பேசாதவள். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"பரவாயில்லை. உள்ளே ஏழு இருந்ததாம்."

கறிவேப்பிலையை உருவிக்கொண்டே நின்றாள். "எங்க டைகருதுங்களாம்மா?"

"வேற யாரோடது?" என்றேன். தை மாதம் சொல்லியிருக்க வேண்டியதை ஜூன் மாதம் சொன்னேன். மூன்று மஞ்சள் குட்டிகளையும், சாக்கையும், எல்லாவற்றையும்.

அவள் காம்பும் இலையுமாக எல்லாவற்றையும் முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கோபமாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

முகாம் கடைசி நாள். லேசான தூறல், மண் நனையவில்லை.

ஏழு மணிக்குக் கேட்டில் சத்தம். மரகதம். தலை சீவி, வெளியே போகும் புடவை. கையில் சங்கிலி. சங்கிலியில் டைகர், முன்னால் பார்த்திராத அடக்கத்தோடு.

"அவரு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிட்டாருங்கம்மா. ரெண்டு மணிக்குத்தான் வருவாரு. நேத்து ராத்திரியிலிருந்து இதுக்கு ஒண்ணும் போடலைங்க. அவரு கார்டையும் எடுத்துக்கிட்டேனுங்க. கூட வர்றீங்களா? எனக்கு அங்க பேசத் தெரியாது."

"மயக்கம் தெளியச் சாயங்காலம் ஆகும். அவர் வந்து கேட்டா?"

"கேக்கட்டுமுங்க." சங்கிலியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "மூணாவது புள்ளை பொறந்தப்போ டாக்டரம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் பண்ணிக்குங்கன்னாங்க. ஆம்பளைக்குச் சின்ன ஆபரேசன்தான்னும் சொன்னாங்க. அவரு அப்பவே எந்திரிச்சு வெளிய போயிட்டாருங்க. நாந்தான் பண்ணிக்கிட்டேன். இன்னிக்கும் குனிஞ்சா இழுக்குது."

மகன் உள்ளிருந்து, "யாரும்மா அது?" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.