முத்துமாரியின் நாற்பது நொடி

பிப்ரவரி 9, திங்கள்

எட்டரைக்கே வெயில். பாளையம்பட்டி நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றும் பஸ் இல்லை. ஷேர் ஆட்டோ.

வாங்க: சாக்பீஸ், சார்ஜர் வயர், செருப்புக்கு வார்.

நேற்று காலை போட்ட வீடியோவுக்கு லைக் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு துண்டு. முதலாவது நவம்பரில் எடுத்தது. ஏழாம் வகுப்பு முத்துமாரி, பாடப் புத்தகத்தில் ஒரே வரியை நாற்பது நொடி திக்கித் திக்கி வாசிக்கிறாள். இரண்டாவது போன வாரம். ஒரு பக்கம் முழுக்க, இரண்டே தடங்கல்.

முதல் துண்டை அப்போது எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் போட்டேன், என்ன செய்யலாம் என்று கேட்டு. தேனிப் பக்கத்து டீச்சர் ஒருவர் குரலில் பேசி அனுப்பினார்: "புத்தகத்த மூடி வைங்க சார். அவ தினம் பாக்குற எழுத்தக் குடுங்க." பஸ் போர்டு, விதைப் பாக்கெட், ரேஷன் கடைப் பலகை. மூன்று மாதம். பி.எட். சொல்லித்தராததை முகம் தெரியாத ஒருத்தர் ஒன்றரை நிமிடத்தில் சொல்லித்தந்தார்.

நேற்று இரண்டையும் ஒட்டி ஃபேஸ்புக்கில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. மேலே என் வரி: "ஏழு வருடம் பள்ளிக்கு வரும் பிள்ளை. ஆறு வருடம் யாரும் கவனிக்கவில்லை. இது யார் குற்றம்?" எழுதும்போது நல்ல கோபம்.

மு.மாரி ஆப்சென்ட்.

10, செவ்வாய்

ஜெயராணி டீச்சர் வராண்டாவில் நிறுத்தினார். மூன்றிலும் நான்கிலும் முத்துமாரிக்கு அவர்தான் டீச்சர்.

"என்ன தம்பி, கவனிக்காதவுகள்ல நானும் ஒருத்தியா?"

"உங்களச் சொல்லல டீச்சர். சிஸ்டத்தச் சொன்னேன்."

"அந்த சிஸ்டம் எங்க இருக்கு, கூப்பிடுங்க பாப்போம். அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேரு நின்னோம். அதையும் வீடியோ எடுத்துப் போடுங்க, லைக்கு விழுதான்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மு.மாரி இன்றும் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை. இடைவேளை முழுக்க கமெண்ட் படித்துக்கொண்டிருந்தேன்.

11, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டுப் பையன்கள் இரண்டு பேர். போனில் அவள் குரல். திக்குகிற குரல். யாரோ முதல் துண்டை மட்டும் வெட்டி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையை ஒட்டி, "கவர்மெண்டு ஸ்கூல் லட்சணம்" என்று போட்டிருக்கிறான்.

"ஏலே, இது பேச்சியம்மா மகள்ல?"

"அவளேதான். ஞாயித்துக்கெழமையே ஊர் குரூப்புல வந்துருச்சே. திரும்பப் போடு, திரும்பப் போடு."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏலே, அமத்துலே. சார் இருக்காக."

இறங்கும்வரை டிபன் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்தவை:
ஃபேஸ்புக் பதிவை நீக்கினேன்.
ஆசிரியர் குழுவில் எல்லோரையும் வீடியோவை அழிக்கச் சொன்னேன். கட்டைவிரல்கள் வந்தன. ஒருத்தர்: "விடுங்க சார், ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."
வெட்டியவனுக்கு மெசேஜ். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

நவம்பரில் போனை நீட்டியபோது அவள் கேட்டாள்: "இத யாரு சார் பாப்பாக?" நான் சொன்னேன்: "வாத்தியார்மாரு மட்டும்தான்."

வெட்டியவன் மேல் ஆத்திரப்படப் பார்க்கிறேன். ஆத்திரம் அவன் மேல் நிற்கவில்லை. அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்ற எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவளை நிறுத்தினேன். அவளிடம் கேட்கக்கூட இல்லை.

13, வெள்ளி

நேற்று போகத் தைரியம் இல்லை. இன்று பள்ளி விட்டதும் போனேன். வீடு பூட்டு. பருத்திக் காட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பேச்சியம்மா அக்காவும் முத்துமாரியும் அடுத்தடுத்த வரிசையில், இடுப்பில் மடி கட்டி, பருத்தி எடுத்துக்கொண்டு.

"வாங்க சார்." அந்த மரியாதைதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

"குழாயடில சிரிக்கிறாளுக, அம்புட்டுத்தான். நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீக. இவதான் வரமாட்டேங்குறா. சரி, பருத்தி முடியட்டும்னு விட்டுட்டேன்."

பருத்தி முடிந்தால் மிளகாய். அப்புறம் ஏதாவது மில். எத்தனை பிள்ளைகள் இப்படி நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இதை வைத்தும் ஒரு பதிவு போடுவேன் நான்.

"கீழ என்னென்னமோ எழுதிருக்காகளாம் சார். எனக்கு வாசிக்கத் தெரியாது. இவளக் கேட்டா ஒண்ணுமில்லங்குறா."

முத்துமாரி நிமிரவில்லை. "சித்தப்பா போன்ல வாசிச்சேன் சார். எல்லாத்தையும். திக்காம."

மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தடவை. சின்னப் பிள்ளையிடம் கேட்டுப் பழக்கமில்லை.

"வாத்தியார்மாரு மட்டும்னு சொன்னீக."

"சொன்னேன்."

"பெறகு?"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் வா முத்துமாரி" என்றேன். நாளை சனிக்கிழமை. அதுகூட நினைவில்லை எனக்கு.

16, திங்கள்

காற்று, தூசி. பஸ் நேரத்துக்கு வந்தது.

வந்திருக்கிறாள். கடைசி வரிசை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன்" கேட்கவில்லை, கை மட்டும் உயர்ந்தது.

மூன்றாம் பாடவேளை, வாசிப்பு. வரிசையாக எழுந்து வாசித்து வந்தார்கள். அவள் முறை வந்ததும் தாண்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். எனக்கு நல்லது.

"சார், என்னய விட்டுட்டீக."

எழுந்து நின்றாள். வாசிக்கவில்லை. பார்வை என் சட்டைப் பையில், துருத்திக்கொண்டிருந்த போனில். வகுப்பே அதைப் பார்த்தது. எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் ஜெயராணி டீச்சர் மேசையில் வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். புத்தகத்தை முகம் மறைகிற அளவுக்கு உயர்த்திப் பிடித்தாள். வாசித்தாள்.

என்ன பாடம், எத்தனை தடங்கல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. இங்கேகூட.