முதல் பெஞ்சில் ஓர் இடம்

தென்காசி,
20.7.2025

அன்புள்ள மஞ்சுவுக்கு,

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீதான் போட்டோவில் இளைத்துத் தெரிகிறாய். போனில் ‘சாப்பிட்டாயா’ என்பதற்குமேல் நமக்குப் பேச்சு ஓடுவதில்லை. லடாக்கில் ராணுவ வேலையில் இருக்கிற உன் அப்பாவும் அதையேதான் கேட்கிறார். அதனால் எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்தில், பதினொன்றாம் வகுப்பு முதல் பெஞ்சில் உன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. மாதக் கடைசி வரை சேர்க்கை உண்டு. நேற்று தலைமையாசிரியர் தளவாய் சார் எல்லோர் முன்னாலும், “டீச்சர், ஒங்க பிள்ளையே இங்கன படிக்கலன்னா, ஊர்க்காரங்க எத நம்பி பிள்ளைய அனுப்புவாங்க?” என்று கேட்டுவிட்டார். மனப்பாடம் கிடையாது, பிடித்த பாடத்தை எடுக்கலாம், வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று உன் பள்ளிக்கூடத்துக்காரர்கள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். எனக்கே அது ஒட்டவில்லை. வெளிநாடு போக வேண்டும் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லையே. கோயம்புத்தூர் வரை போய் ஐ.பி. டிப்ளமா என்கிற அந்த வெளிநாட்டுப் பிளஸ் டூ படிப்புத்தான் வேண்டும் என்று ஏன் ஒற்றைக்காலில் நின்றாய்?

ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்கு வரவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது. வந்துவிடு.

இப்படிக்கு,
சு. ஆனந்தவள்ளி

கோயம்புத்தூர்,
27.7.2025

அன்புள்ள அம்மா,

எனக்கு எழுதும் கடிதத்திலும் பிராகிரஸ் ரிப்போர்ட்டில் போடுகிற கையெழுத்துத்தானா? பார்த்ததும் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது.

இங்கே எனக்குச் சிநேகிதி என்று யாரும் அமையவில்லை. எல்லோரும் ஆங்கிலத்தில் சிரிக்கிறார்கள். மெஸ் சாம்பார் இனிக்கிறது. இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

காரணம் கேட்டீர்கள். ஒன்பதிலும் பத்திலும் உங்கள் வகுப்பில் இருந்தேன். யார் பேசினாலும் முதலில் எழுப்பி நிறுத்துவது என்னைத்தான். “சொந்தப் பிள்ளைய விட்டுட்டாங்கன்னு ஒருத்தரும் சொல்லிரக் கூடாது” என்பீர்கள். ஒருமுறை வாய் தவறி ‘அம்மா’ என்றதற்கு வெளியே நிறுத்தினீர்கள். பிறகு வீட்டிலும் ‘டீச்சர்’ என்றே வந்தது. நீங்கள் திருத்தவில்லை.

குற்றாலத்துக்குப் போனாலும் நீங்கள் குளிக்க மாட்டீர்கள். “படிக்கிற பிள்ளைக பாத்திரும்” என்று துண்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பீர்கள். யாரோ ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நான் அருவிக்குள் போவேன்.

பதினொன்றிலும் பன்னிரண்டிலும் உயிரியல் நீங்கள்தான். இன்னும் இரண்டு வருடம் உங்களை டீச்சர் என்று கூப்பிட என்னால் முடியாது. இந்த டிப்ளமாவைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது அம்மா. அதற்காகத்தான் எடுத்தேன். தெரியாததை என்னிடம் கேட்பீர்கள் என்று நினைத்தேன். இந்தப் பள்ளியின் நேர்முகத் தேர்வில் வேறு என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

நான் வரவில்லை. இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

உங்கள்,
மஞ்சு

தென்காசி,
3.8.2025

ஏட்டி மஞ்சு,

முதல் பெஞ்சில் பக்கத்து ஊர் வல்லத்தில் இருந்து வருகிற ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டேன். தளவாய் சாரிடம், “நான் சொல்லிக்குடுத்தது அவளுக்குப் போதும் சார்” என்றேன்.

இன்று தனியாகக் குற்றாலம் போனேன். நல்ல சாரல். பழக்க தோஷம், ஓரமாகத்தான் நின்றேன். “ஏக்கா, சும்மா நிக்கிய, வாங்க” என்று முன்பின் தெரியாத ஒருத்தி கையை நீட்டினாள். போய்விட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் பார்த்துவிட்டு, “டீச்சர், டீச்சர்” என்று கூப்பிட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். தலையில் தண்ணீர் விழ விழ, பக்கத்தில் நீ இல்லாததுதான் பெரிதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பழையபடி இரண்டு பேருக்கு உலை வைத்தேன். அது திருந்தாது.

உன் டிப்ளமாவில் ஏதோ பெரிய கட்டுரை எழுத வேண்டும், கேள்வியையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்படி? நீ என்ன கேட்கப் போகிறாய்? அதை யார் திருத்துவார்கள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுது.

அம்மா