மூலை வெட்டிய நாற்பது தாள்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனதளவில் அம்மா மட்டும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா இரண்டு தடவை படித்தாள், நான் மூன்று தடவை எண்ணினேன். அதில் உன் பேராசிரியர் பதினொரு இடத்தில் வருகிறார், நான் இரண்டு இடத்தில் வருகிறேன், அந்த இரண்டில் ஒன்று ‘அன்புள்ள அப்பாவுக்கு’. அந்த வரியில் எந்த அப்பாவுக்கும் இடம் கிடைக்கும். பேராசிரியர் சொன்னார், பேராசிரியர் சிரித்தார், பேராசிரியர் காபி வாங்கிக் கொடுத்தார். நான் உனக்கு வாங்கிக் கொடுத்த காபியை ஊற்றினால் ஒரு லாரி நனையும், அதை நீ யாருக்காவது எழுதினாயா என்று கேட்டேன். உங்களுக்குப் பொறாமை என்றாள் அம்மா. பொறாமை இல்லை, கணக்கு என்றேன். உங்க கணக்கெல்லாம் வயித்துலதான் எரியுது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி, நீ அனுப்பிய நாற்பது தாள் விஷயத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து எழுந்து ஜன்னலைச் சாத்துவதும் திறப்பதுமாக ஒரு மணி நேரம் போய்விட்டது. மனிதர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுகிற வெறுப்பை அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் எண்ணுவது எப்படி என்பதுதான் உன் படிப்பு என்று நீ போன வருஷம் சொன்னபோது எனக்குப் புரியவில்லை, இப்போது தேவைக்கு மேல் புரிந்துவிட்டது. இருபது வெள்ளைத் தாள், அதில் எரிச்சல் தரும் விஷயங்கள் நான்கு. பஸ் தாமதமாக வருவது, வேலை நடுவில் கரண்ட் போவது, பக்கத்து வீட்டு ரேடியோ, ஆறிப்போன டீ. இருபது மஞ்சள் தாள், அதில் அதே நான்கும், கூட ஐந்தாவதாக, வெளியிலிருந்து வந்த ஒருவர் எனக்கு மேலே அதிகாரியாக இருப்பது. எது எரிச்சல் என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் எழுதினால் போதும். மஞ்சளின் கூட்டலிலிருந்து வெள்ளையின் கூட்டலைக் கழித்தால், எத்தனை பேருக்கு ஐந்தாவது உறுத்துகிறது என்று தெரிந்துவிடும், ஆனால் யாருக்கு என்று கடவுளுக்கும் தெரியாது. படித்தபோது உன்னை நினைத்து எனக்கே மார்பு அகன்றது. பிறகு, இதைக் கண்டுபிடித்தது யாரோ, சொல்லிக்கொடுத்தது பேராசிரியர் என்று இருந்ததைப் படித்ததும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

உங்கள் பார்சல் கூடத்தில் இதைக் கொடுத்துப் பாருங்கள், வார்த்தைகள் சாதாரண ஆட்களுக்குப் புரிகிறதா தெரிய வேண்டும் என்றுதான் நீ கேட்டாய். எங்களுக்கு ஆறு மாதம் முன்பு வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்தது உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ. முப்பத்துநாலு வயது அந்தம்மாவுக்கு. நான் அந்தக் கூடத்தில் பார்சல் பிரிக்கத் தொடங்கி இருபத்தெட்டு வருஷம். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது அந்தக் கண்ணாடி அறைக்குள் யார் போவார் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை, எனக்கு நிச்சயமாக இல்லை, உன் அம்மா எனக்கு இரண்டு முழுக்கைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். மேலாளாக வேண்டிய நான் வெறும் ஆளாகவே நின்றேன், உள்ளாள் வெளியே, வெளியாள் உள்ளே. அந்தம்மா வந்த முதல் நாள் சுழல் நாற்காலியின் திருகை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டேன், சாயங்காலம் வரை மேஜைக்கு மேலே நெற்றி மட்டும் தெரிந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுநாள் ஒரு தடித்த அட்டைப் பெட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நிமிர்ந்துவிட்டார். உங்களுக்குப் பதினஞ்சு வயசு தாண்டவே தாண்டாதா என்று அம்மா திட்டினாள். தாண்டியிருந்தால் சூப்பர்வைசர் ஆகியிருப்பேனே.

டீ நேரத்தில் நான் பேசுவேன். அந்தம்மா பேச்சே நம்ம பேச்சு மாதிரி இல்லையே, வாங்க என்பதற்குள் வாரம் போய்விடுகிறதே, அவங்க ஊர்ல பார்சலை ஆட்டு மேலயா அனுப்புவாங்க என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஆமாண்ணே, நீங்க உட்கார வேண்டிய சீட்டுண்ணே என்பார் எடை போடுகிறவர். லாரிக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள். எனவே கூடமே என் பக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை உன் தாள் நிரூபிக்கட்டும் என்று நினைத்தேன். இங்கேதான் நான் செய்தது வருகிறது, திட்டாமல் படி. சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துக் கொடுங்கள், யாருக்கு எது போகிறது என்று பார்க்கவே கூடாது என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். நான் கலைக்கவில்லை. டீக் கடையில் என்னோடு சேர்ந்து சிரிக்கிறவர்களாகப் பார்த்து மஞ்சளை நீட்டினேன். பார்சல் கட்டும் பகுதிப் பெண்களுக்கு அந்தம்மா உட்கார்ந்து வேலை செய்ய முக்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவர்கள் அவர் கட்சி, அவர்களுக்கு வெள்ளை. கடைசி மஞ்சளை எனக்கே வைத்துக்கொண்டேன். மஞ்சள் தாள், மனசில் தேள். பஸ், கரண்ட், ரேடியோ, ஆறிய டீ, நான்குமே எனக்கு ஆகாது, ஐந்தாவதைக் கேட்கவே வேண்டாம், ஐந்து என்று பெரிதாக எழுதி, எல்லாரும் தாளைப் போட வாசலில் தொங்கவிட்டிருந்த பைக்குள் கடைசி ஆளாகப் போட்டேன்.

அதற்குள் லாரி வந்துவிட்டது, நான் இறக்கப் போய்விட்டேன், பை அனாதையாகத் தொங்குகிறதே என்று அந்தம்மா எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். நாற்பது தாளிலும் வலது கீழ் மூலை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. பேர் எழுத வேணாம்னுதானே சொன்னீங்க அண்ணா, யாரும் எழுதல, ஆனா எல்லாரும் கை நம்பர் போட்டுட்டாங்க, நாலஞ்சு தாள் பார்த்ததுமே புரிஞ்சுது, மீதியைத் திருப்பிப் போட்டு வெட்டிட்டேன், அந்த மூலையெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு என்றார். எங்கள் கூடத்தில் ஒரு பொருள் கையில் பட்டால் வலது கீழ் மூலையில் அவரவர் நம்பரைக் கிறுக்காமல் அடுத்த ஆளுக்குத் தள்ள மாட்டோம், தொலைந்தால் கடைசி நம்பர்தான் பதில் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருஷமாகப் பதினேழு போட்ட கை, உன் தாளிலும் பதினேழு போட்டிருக்கிறது, எனக்கு நினைவே இல்லை. கடைசியாகப் போட்ட தாள்தானே பையில் மேலே இருக்கும். நாலைந்து தாள் பார்த்தேன் என்றாரே, முதலில் பார்த்தது என்னுடையதுதான். ஐந்துக்கு ஐந்து எழுதியவனுக்கு ஒளிய இடமே இல்லை, எல்லாமே எரிச்சல் என்றால் ஐந்தாவதும் எரிச்சல்தான். அந்தம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீ ஆறிடப் போகுது அண்ணா, போய்க் குடிங்க என்றார். அந்த ஒரு வாக்கியம், நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் குத்துகிறது.

நீ எண்ண வேண்டாம் என்றுதான் சொன்னாய், இருந்தாலும் எண்ணினேன். வெள்ளை இருபதின் கூட்டல் நாற்பத்தாறு. மஞ்சள் இருபதின் கூட்டல் நாற்பத்தேழு. கழித்துப் பார். நான் பொறுக்கி எடுத்த இருபது பேரில் ஒரே ஒரு ஆள். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று அம்மாவிடம் கொடுத்தேன், அவளும் கூட்டி, ஒண்ணுதாங்க, அந்த ஒண்ணு இங்கதான் பனியனோட நிக்குது என்றாள். யோசித்துப் பார்த்தால், அவர்கள் டீக் கடையில் எனக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள், தாளில்தான் தங்களுக்காக எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் வெறுப்பை மறைப்பார்கள் என்று உன் படிப்பு சொல்கிறது, இல்லாத வெறுப்பை ஒரு மூத்த ஆளின் முகத்துக்காகக் காட்டவும் செய்வார்கள், இதையும் எழுதி வைத்துக்கொள். பேராசிரியருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பார், தெரிந்திருந்தால் எனக்கு எழுதாதே.

மூன்று நாள் அந்த உறையை அலமாரியில் வைத்திருந்தேன். எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடலாம், உனக்கு என்ன தெரியப்போகிறது என்று தோன்றியது உண்மை. ஆனால் இந்தத் தாள் சரியாக வந்தால் மாதக் கடைசிக்குள் நாலாயிரம் பேரிடம் கொண்டுபோகப் போகிறோம் என்று எழுதியிருந்தாயே, அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அதனால் சொல்லிவிட்டேன். இந்த நாற்பதையும் உன் கணக்கில் சேர்க்காதே, ஆளைப் பார்த்துக் கொடுத்த தாள் அது. நான்கு விஷயத்தில் ஒன்றையாவது யாருக்கும் எரிச்சல் தராததாக மாற்று, உன் அப்பாவைப் போன்றவர்களுக்கு ஐந்தை எட்டாமல் ஒளிய ஒரு மூலை வேண்டும். அம்மா என்னிடம் கேட்டாள், அந்தப் பொண்ணு நம்ம ஊர்க்காரியா இருந்தா மட்டும் தலையில தூக்கி வச்சிருப்பீங்களா என்று. மாட்டேன். எடை போடுகிறவர் அந்த அறைக்குள் போயிருந்தாலும் நாற்காலித் திருகை இறக்கித்தான் இருப்பேன். பொறாமை முழுக்க என் சொந்தச் சரக்கு, காரணத்தை மட்டும் அவர் ஊரிலிருந்து இறக்கியிருக்கிறேன். உன் மஞ்சள் தாளில் இந்த இரண்டையும் பிரிக்க வழி இல்லை, அதையும் பார்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறைக்குள் போய், தாளை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது, நான் கலைத்தால் சரிவராது, நீங்கள் கலைத்துக் கொடுங்கள், ஆனால் நீங்கள் எழுதக் கூடாது என்று சொன்னேன். ஏன் சரிவராது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது, கேட்கவில்லை. பேனா கொடுத்தா மறுபடி கை நம்பர்தான் வரும் அண்ணா, ஓரத்துல பூஜ்யத்துலேருந்து அஞ்சு வரைக்கும் அச்சடிச்சு அனுப்பச் சொல்லுங்க உங்க பொண்ண, வேணுங்கிறதக் கிழிச்சுப் பையில போட்டா போதும், வெள்ளையா மஞ்சளானு கலரே சொல்லிடும் என்றார். நல்ல யோசனை. இதுவும் அந்தம்மாவுக்கே தோன்ற வேண்டுமா என்று எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை, ஆனாலும் உனக்கு அப்படியே எழுதிவிட்டேன், அவர் சொன்னது என்றும் எழுதிவிட்டேன்.

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள், நான் வாரம் ஒரு தடவை எழுதச் சொல்கிறேன், இரண்டில் எது முடியுமோ அதைச் செய், இரண்டும் செய்தால் நீண்ட ஆயுளோடு நன்றாக இருப்பாய், செய்யாவிட்டாலும் இருப்பாய், எங்கள் ஆசி அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. மறக்காமல் புதுத் தாள்களைச் சீக்கிரம் அனுப்பு. அந்தம்மா கலைத்துக் கொடுக்கும்போது நானும் வரிசையில் நின்று கையை நீட்டுவேன், வெள்ளையோ மஞ்சளோ வருவதை வாங்கிக்கொள்வேன். மஞ்சளே வந்தாலும் இந்தத் தடவை எந்த எண்ணைக் கிழித்தேன் என்று உனக்கும் தெரியப்போவதில்லை, அவருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கே இப்போதைக்குத் தெரியவில்லை.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா