கைகழுவும் குழாய்க்குப் பக்கத்து மேசை

அத்தான்,

இடது முழங்கையில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில், கைகழுவும் குழாய்க்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரும் விரும்பி உட்காராத மேசை. நீங்கள் ஒருவர்தான் தேடிப்போய் உட்காருவீர்கள். சாயங்காலம் பிளம்பர் வருகிறார். குழாயைப் பிடுங்கிப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று உங்கள் மகன் ஒரே பிடியாக நிற்கிறான். "ஹாலுக்குள்ள கொப்பளிச்சுத் துப்புறது அசிங்கமா இருக்கு மாமா. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்கிறான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. எனக்குத்தான் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்து, கடைசியில் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் மில் வாசல் டீக்கடையை டிபன் கடையாக்கி, பிறகு இந்த ஊர், சங்கரன்கோவில், தென்காசி என்று நீங்கள் கிளைமேல் கிளையாகத் திறந்தபோது எல்லாரும் ரகசியம் கேட்டார்கள். சிரித்து மழுப்பினீர்கள். மைத்துனன் என்பதால் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "எலைக்கு முன்னால எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக மாப்ளே. கை கழுவுறப்பதான் நெசம் வரும்."

எந்தக் கிளைக்குப் போனாலும் குழாயடி மேசையில், சாப்பிட வந்த ஆளைப் போல உட்காருவீர்கள். கோயிலுக்கு வந்த தளவாய்புரத்து அம்மா ஒருவர், ஆள் தெரியாமல் உங்களிடமே கேட்டாரே: "இம்புட்டுப் புளிய ஊத்தியிருக்கான், இந்தக் கடைக்காரனுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

முகம் மாறாமல், "எனக்கும் அந்தச் சந்தேகந்தான் தாயி. செத்த இருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குள் போனீர்கள். சாம்பார் அண்டாவைக் கவிழ்த்த பிறகுதான் வெளியே வந்தீர்கள். நான் கல்லாவுக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் குறைந்ததற்கு வெயில், புதுக் கடைகள் என்று மருமகனும் நானும் மாற்றி மாற்றிக் காரணம் சொல்லிக்கொண்டோம். ருசி போய்விட்டதோ என்று இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன?

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு பெரியவர் கை கழுவ வந்தார். கையை முகர்ந்துபார்த்து, கூட வந்தவரிடம் சொன்னார்: "மொதலாளி இருந்தவரைக்கும் சாம்பார் வாசம் வீடு வரைக்கும் கையில இருக்கும். இப்ப வெறுந்தண்ணியிலயே போயிருது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க உள்ளவுக யாரும் இதச் சாப்பிட மாட்டாகளோ?"

"எனக்கும் அந்தச் சந்தேகந்தான்யா. செத்த இருங்க, கேட்டுட்டு வாரேன்."

என் வாயில் எப்படி வந்தது உங்கள் வார்த்தை என்று தெரியவில்லை, அத்தான். அடுப்படிக்குப் போய்ச் சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன். பெரியவர் சொன்னது நிஜம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அண்டாவைக் கவிழ்த்தேன்.

பிளம்பருக்குப் போன் போட்டு, ஒழுகுகிற வாஷரை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன். மருமகன் ஓடிவந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"யாரக் கேட்டு மாமா கவுத்தீங்க?"

"கை கழுவுற எடத்துல கேட்டேன்" என்றேன்.