வெள்ளிக்கிழமைப் படம்

சிலமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி காளீஸ்வரி எழுதுவது. நானும் நம் பிள்ளை நிலாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள். போனில் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள் என்றுதான், தோஹாவுக்குத் திரும்பும் மகாராஜன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போடியில் ஏலக்காய் வரத்து குறைவு. ஆனாலும் கடையில் எனக்குத் தரம் பிரிக்கும் வேலை நிற்கவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

கண்ணில் படும் இங்கிலீஷையெல்லாம் வாசி என்று நீங்கள்தானே சொன்னீர்கள். மருந்து டப்பா, ஏற்றுமதிப் பெட்டி, முதலாளி படித்துப் போடும் பேப்பர் என்று எதையும் விடவில்லை. “ஏத்தா, காயப் பொறுக்கச் சொன்னா எழுத்தப் பொறுக்குற” என்று யோசேப்பு முதலாளி கேலி செய்கிறார்.

போன மாதம் என்னிடம் பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் ‘அண்டர் த வெதர்’ என்றீர்கள். எனக்குத் தெரியக்கூடாததை இங்கிலீஷில் சொல்வது உங்கள் பழக்கம். ஆட வராத ஒரு விளையாட்டுக்காரரைப் பற்றிப் பேப்பரில் அதே வார்த்தை வந்தது. உடம்பு சரியில்லை என்று அர்த்தமாம். சளியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பிய படத்தில் நன்றாகத்தான் சிரிக்கிறீர்கள். ஆனால் கடையில் நாங்கள் தட்டில் ஏலக்காயைப் புடைத்தால் நடுவைப் பார்ப்பதில்லை. உள்ளே அரிசி இல்லாத பொக்குக் காயெல்லாம் ஓரத்தில்தான் ஒதுங்கும். அந்தப் பழக்கத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் ஓரமாகத் தெரிந்த பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘நெஃப்ராலஜி’ என்று இருந்தது. நிலாவின் பள்ளிக்கூட அகராதியில் தேடினேன். சிறுநீரக வைத்தியமாம். அகராதியை மூடிவிட்டுப் படத்தை மறுபடியும் பெரிதாக்கினேன்.

நண்பரைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிப் பட்டை உங்கள் மணிக்கட்டில்தான் இருக்கிறது.

அத்தையிடம் இன்னும் மூச்சு விடவில்லை. எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் அதிகம். இந்த உடம்போடு இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடப் போகிறேன் என்கிறீர்கள். போடாதீர்கள். வீடு கட்டும் வேலை பாதியில் நின்றால் நிற்கட்டும். வந்துவிடுங்கள், மதுரையில் காட்டுவோம். நான் கூடவே இருப்பேன்.

மாரியாத்தா உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். தமிழில் எழுத மனசு வரவில்லை என்றால் இங்கிலீஷிலேயே எழுதுங்கள். நான் வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் காளீஸ்வரி